கனமான சினிமா கேமராவுக்கு எந்தக் கால்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலைக்கு வரும் உதவி ஒளிப்பதிவாளர்களும், முதல் படம் செய்யப்போகும் ஒளிப்பதிவாளர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். லென்ஸுக்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள்கூடக் காலுக்கு ஒரு நிமிடம் ஒதுக்குவதில்லை. அந்த ஒரு நிமிடத்தைக் கொஞ்சம் நீட்டிவிட வேண்டும் என்பது என் ஆசை. 'கால்' அல்லது 'லெக்' என்று நான் சொல்வது டிரைபாடில், கேமராவைத் தாங்கித் திருப்பும் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்றிய பிறகு கீழே நிற்கும் பகுதியை மட்டும்.

ஹெட் நல்லதாக இருந்தால் போதாதா? கால் எதுவாக இருந்தால் என்ன?

போதாது. ஃப்ளூயிட் ஹெட்டுக்குள் என்ன நடக்கிறது என்று பார்த்தால் காரணம் புரிந்துவிடும். பேன் செய்யும்போது, அதாவது கேமராவைப் பக்கவாட்டில் திருப்பும்போது, ஹெட்டுக்குள் இருக்கும் கெட்டியான திரவம் ஒரு தடையைக் கொடுக்கிறது. அந்தத் தடை இருப்பதால்தான் அசைவு வழுவழுப்பாக வருகிறது. ஆனால் கைப்பிடியைத் தள்ளும் விசை அந்தத் தடையை மீறுகிறவரை எங்கே போகும்? நேராகக் காலுக்குத்தான். கால் மெலிந்ததாக இருந்தால் முதலில் அது கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும், அதன் பிறகே ஹெட் நகரும். பேனை நிறுத்திக் கையைத் தளர்த்தும்போது அந்த முறுக்கு பிரியும். ஃபிரேம் வந்த வழியே ஒரு நூல் அளவு திரும்பிப் போகும். ஹெட்டில் தடையை எவ்வளவு கூட்டுகிறீர்களோ அவ்வளவுக்கு இந்தக் கோளாறும் கூடும். கனமான கேமராவுக்குத் தடையைக் கூட்டித்தான் வைப்போம் என்பதால், கனம் ஏற ஏறக் காலின் குறை வெளியே தெரியத் தொடங்குகிறது.

கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். சினிமா கேமராக்களில் பரவலாக இருக்கும் சூப்பர் 35 அளவு சென்சாரின் அகலம் சுமார் 25 மி.மீ. அதில் 290 மி.மீ. லென்ஸ் பார்க்கும் கோணம் கிடைமட்டமாக 5 டிகிரிதான். கால் 0.1 டிகிரி முறுக்கினால் ஃபிரேமின் அகலத்தில் 2 சதவீதம் போய்விடும். 40 அடி அகலமுள்ள திரையில் அது கிட்டத்தட்ட 10 அங்குலம். அதே 0.1 டிகிரி 24 மி.மீ. லென்ஸில் ஒரு அங்குலம்கூட வராது. வைட் ஷாட் எடுக்கும்போது 'இந்தக் கால் நன்றாகத்தானே இருக்கிறது' என்று தோன்றுவது இதனால்தான்.

ஆகவே ஒரு காலைப் பார்த்தால் நான் முதலில் கேட்பது அது எத்தனை கிலோ தாங்கும் என்பதை அல்ல, எவ்வளவு முறுக்காமல் நிற்கும் என்பதை.

என் கேமரா 3 கிலோகூட இல்லை. எனக்கு எதற்குக் கனமான கால்?

இப்போதைய கேமராக்களின் உடம்பு இளைத்துவிட்டது உண்மைதான். ஆரி நிறுவனம் 2010-ல் கொண்டுவந்த முதல் அலெக்சா கேமராவின் பாடி 6 கிலோவுக்குச் சற்று மேல். 2015-ல் வந்த அலெக்சா மினி 2.3 கிலோ. 2022-ல் வந்த அலெக்சா 35 சுமார் 2.9 கிலோ. சோனி வெனிஸ் 4 கிலோவை ஒட்டி வரும். ஆனால் பாடியை மட்டும் வைத்து யாரும் படம் எடுப்பதில்லையே.

நான் அடிக்கடி பார்க்கும் ஒரு செட்டப்பைச் சொல்கிறேன். அலெக்சா மினி, அதில் ஆஞ்ஜனியூ ஆப்டிமோ 24-290 ஜூம். இந்த லென்ஸ் மட்டும் 11 கிலோ, நீளம் 44 சென்டிமீட்டர். அதாவது லென்ஸ் கேமராவைப்போல நாலரை மடங்குக்கு மேல் கனம். இதோடு பிரிட்ஜ் பிளேட், ராட், லென்ஸ் சப்போர்ட், லென்ஸின் முன்னால் வேண்டாத வெளிச்சத்தை மறைக்கும் மேட் பாக்ஸ், ஃபில்டர், ஃபோகஸ் மோட்டார்கள், வ்யூஃபைண்டர், பேட்டரி, வீடியோ டிரான்ஸ்மிட்டர், ஆபரேட்டர் மானிட்டர் எல்லாம் சேர்ந்தால் மொத்தம் 20 கிலோவைத் தொட்டுவிடும். இதைத் தாங்கும் ஓகானர் 2575 போன்ற ஹெட் சுமார் 10 கிலோ. ஆக, காலின் தலையில் 30 கிலோ. அதன் மேல் ஆபரேட்டரின் கைகளின் பாரம். அவர் களைத்துப்போனால் சாய்ந்தும் கொள்வார்.

ஹெட்டின் எடையைக் கணக்கில் சேர்க்க மறப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஹெட்டுக்குச் சொல்லும் தாங்குதிறன் கேமராவுக்கு மட்டும். காலுக்குச் சொல்வது ஹெட்டையும் சேர்த்து.

அப்படியானால் 30 கிலோ தாங்கும் என்று போட்டிருக்கும் கால் போதும் அல்லவா?

நிற்கும், விழாது. ஆனால் அந்த எண் விழாமல் இருப்பதற்கான எண், படம் நன்றாக வருவதற்கானது அல்ல. உதாரணத்துக்கு, சாக்லரின் ஃப்ளோடெக் 100 கால்களுக்குத் தாங்குதிறன் 30 கிலோ. அருமையான கால்கள். பூட்டு மூன்றும் மேலேயே இருப்பதால் குனியாமல் உயரம் மாற்றலாம். மினி பாடியில் ஒரு பிரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) போட்டு நாள் முழுக்க இடம் மாறி மாறி எடுக்க எனக்கு அதைவிடப் பிடித்த கால் இல்லை. ஆனால் மேலே சொன்ன 24-290 செட்டப்பை அதில் ஏற்றினால் நாம் எல்லையிலேயே நிற்கிறோம். நான் மொத்தச் சுமையைக் கணக்கிட்டு அதற்கு ஒன்றரை மடங்கு தாங்கும் கால் கேட்பேன். டெலி லென்ஸ் வேலை அதிகம் என்றால் இரண்டு மடங்கு.

75, 100, 150, மிட்செல்: எதை எடுப்பது?

இவை காலின் தலையில் ஹெட் உட்காரும் கிண்ணத்தின் விட்டம், மில்லிமீட்டரில். ஹெட்டின் அடியில் அரைப்பந்து இருக்கும். அதைக் கிண்ணத்தில் உருட்டி, ரசமட்டத்தின் குமிழியை நடுவுக்குக் கொண்டுவந்து, கீழிருந்து இறுக்கிவிடுவோம். 75 சின்ன கேமராக்களுக்கானது, இங்கே அதைப் பேச வேண்டியதில்லை. 100 நடுத்தரம். 150 கனமான சினிமா ஹெட்டுகளுக்கு. பந்து பெரிதாக இருந்தால் பிடிக்கும் பரப்பும் அதிகம், அதனால் பிடி நழுவாது. சிறிய பந்துள்ள ஹெட்டை அடாப்டர் போட்டுப் பெரிய கிண்ணத்தில் வைக்கலாம். 150 ஹெட்டை 100 கிண்ணத்தில் வைக்க வழியில்லை. சந்தேகமாக இருந்தால் பெரிய கிண்ணத்தையே எடுங்கள்.

மிட்செல் என்பது தட்டையான மேல்தளம். நடுவில் ஒரு துளை, கீழிருந்து ஒரு பெரிய திருகால் இறுக்குவது. 1919-ல் லாஸ் ஏஞ்சல்ஸில் தொடங்கிய மிட்செல் கேமரா நிறுவனத்தின் பெயர்தான் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. பந்து இல்லாததால் உருளவும் முடியாது, நழுவவும் முடியாது. சக்கரத்தில் ஓடும் டாலி, கிரேன் எல்லாவற்றிலும் இதே அமைப்பு பரவலாக இருப்பதால் ஹெட்டைக் கழற்றி மாற்றுவது எளிது. ஒரே ஒரு சிரமம், மட்டத்தைக் காலிலேயே பிடிக்க வேண்டும், அல்லது நடுவில் ஒரு லெவலர் போட வேண்டும். மேடுபள்ளமான அவுட்டோரில் மூன்று காலையும் தனித்தனியாக ஏற்றி இறக்கி மட்டம் பிடிக்கும்போது வெயில் போய்க்கொண்டே இருக்கும். ஆகவே ஸ்டுடியோவுக்கும் டாலி ஓடும் டிராக்குக்கும் மிட்செல், ஓடிக்கொண்டே எடுக்கும் அவுட்டோருக்கு 150 கிண்ணம். என் வழக்கம் அப்படி.

கார்பன் ஃபைபரா, அலுமினியமா?

சுமப்பவர் யார் என்று முதலில் கேளுங்கள். மலையேறி எடுக்கப்போகிறீர்கள் என்றால் கார்பன். எடை குறைவு, அதிர்வையும் நன்றாக உள்வாங்கும். இன்னொரு நன்மை, வெயிலில் இரண்டு மணி நேரம் நின்ற அலுமினியக் காலைத் தொட்டவர்களுக்குத் தெரியும். மே மாதத்தில் வெறுங்கையால் பிடிக்க முடியாது. ஊட்டியில் விடியற்காலை என்றால் அதே கால் பனிக்கட்டிபோல இருக்கும். கார்பனில் இந்தத் தொல்லை குறைவு.

ஆனால் அலுமினியம் அடிபட்டால் நசுங்கும், நசுங்கியது கண்ணுக்குத் தெரியும். கார்பன் அடிபட்டால் உள்ளுக்குள் விரிசல் விட்டு, வெளியே ஒன்றும் காட்டாமல் இருந்து, பிறகு ஒருநாள் பாரத்தோடு உடையும். லாரியில் மற்ற சாமான்களோடு தூக்கிப்போடும் பழக்கம் உள்ள யூனிட் என்றால் அலுமினியம்தான் பாதுகாப்பு. இங்கிலாந்தின் ரான்ஃபோர்ட் பேக்கர் செய்யும் கனரக அலுமினியக் கால்கள் இவ்வளவு காலமாக நிலைத்திருப்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. தூக்கும்போது தோள் வலிக்கும். கீழே வைத்துவிட்டால் அது தரையோடு தரையாகிவிடும்.

ஒரே நீட்டம் உள்ள காலா, இரண்டு நீட்டம் உள்ளதா?

நீட்டம் என்பது உயரத்தைக் கூட்ட உள்ளிருந்து இழுக்கும் குழாய். ஒவ்வொரு இணைப்பும் முறுக்கு நுழையும் ஒரு வாசல். ஒரே நீட்டம் உள்ள காலில் ஓர் இணைப்புதான், அதனால் அது கெட்டியாக நிற்கும். ஆனால் மடித்தாலும் நீளமாக இருக்கும், தாழ்வாக வைக்க முடியாது. ஆகவே அதோடு குட்டையான ஒரு பேபி லெக்கும் கண்டிப்பாக வேண்டும். இரண்டு நீட்டம் உள்ளது ஒன்றே பல உயரத்துக்கு உதவும். அதை எடுத்தால் தடித்த குழாயை முதலில் இழுங்கள், கடைசி மெலிந்த குழாயைத் தேவைப்பட்டால் மட்டும். கண் மட்டத்துக்கு எப்போதும் மெலிந்த குழாய்வரை இழுக்க வேண்டியிருந்தால் நீங்கள் எடுத்திருப்பது தவறான கால்.

வாடகைக்கு எடுக்கும்போது எப்படிச் சோதிப்பது?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன். ஏன் என்பதற்கு ஒரு நாள் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தென்னந்தோப்பு. வரப்பில் ஒரு பெண் நடந்துவருகிறாள், 290-ல் அவளோடு பேன் செய்து, அவள் நிற்கும்போது நாமும் நிற்க வேண்டும். நாங்கள் கேட்ட கால் வராமல், இருந்ததை வைத்து அனுப்பியிருந்தார்கள். நானும் காலையில் அவசரத்தில் சோதிக்காமல் கேமராவை ஏற்றிவிட்டேன். முதல் டேக்கில் அவள் நின்றாள், ஃபிரேம் நின்றது, பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்தது. ஆபரேட்டர் தன் கைதான் என்று நினைத்து மன்னிப்புக் கேட்டார். இரண்டாவது, மூன்றாவது டேக்கிலும் அதேதான். ஐந்தாவது டேக்கில் நான் மானிட்டரை விட்டுவிட்டு, தரையில் உட்கார்ந்து காலைப் பார்த்தேன். பேன் தொடங்கும் நொடியில் ஒரு காலின் பூட்டுக்குக் கீழே குழாய் திரும்பியது, கோலிக்குண்டு அசையும் அளவுக்கு. பேன் நின்றதும் அது மெல்லத் திரும்பி வந்தது. அதுவரை அந்த ஆபரேட்டர் பட்ட சங்கடத்துக்கு நான்தான் பொறுப்பு. அன்றிலிருந்து சோதிக்காமல் எந்தக் காலையும் வண்டியில் ஏற்றியதில்லை.

சோதிக்கும் முறை இதுதான். காலை முழு உயரத்துக்கு இழுங்கள். ஹெட், கேமரா, எடுக்கப்போவதிலேயே நீளமான லென்ஸ் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். வெறும் காலைக் கையால் ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது. தூரத்தில் ஒரு செங்குத்தான கோட்டை ஃபிரேமின் ஓரத்தோடு ஒட்டி வையுங்கள். எதிர்வீட்டு ஜன்னல் சட்டம் போதும். மானிட்டரில் பெரிதாக்குங்கள். பேன் பூட்டைப் போட்டுவிட்டு, கைப்பிடியை ஒரே விரலால் பக்கவாட்டில் அழுத்தி விடுங்கள். எந்தக் காலும் துளி நகரத்தான் செய்யும். விட்டவுடன் கோடு அதே இடத்துக்கு வந்து நிற்கிறதா என்பதைப் பாருங்கள். மெதுவாக ஊர்ந்து வந்தால் கால் மெலிது. திரும்பி வரவே இல்லை என்றால் எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கிறது. இரண்டாவதைச் சரிசெய்துவிடலாம், முதலாவதைச் சரிசெய்ய முடியாது.

அடுத்து பூட்டைத் திறந்து, ஹெட்டில் தடையை நன்றாகக் கூட்டி, மிக மெதுவாக ஒரு பேன் செய்து நிறுத்துங்கள். கையை எடுங்கள். படம் பின்வாங்கினால் அந்தக் கால் வேண்டாம்.

கடைசியாக, பூட்டுகளைப் போட்டுவிட்டு ஒவ்வொரு காலின் மேலும் உங்கள் எடையை மெதுவாகக் கொடுத்துப் பாருங்கள். குழாயில் பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டால் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும். மொத்தம் கால் மணி நேரம் ஆகும்.

ஸ்ப்ரெடர் எது நல்லது, நடுவில் இருப்பதா, தரையில் இருப்பதா?

ஸ்ப்ரெடர் என்பது மூன்று கால்களும் விரிந்துபோகாமல் பிடித்துவைக்கும் இணைப்பு. சமதளத்தில் தரை ஸ்ப்ரெடர். காலின் நுனிகளைக் கட்டிப்போடுவதால் முறுக்குக்கும் அது நல்லது. மேடுபள்ளத்தில் நடு ஸ்ப்ரெடர். டைல்ஸ் தரையில் ஸ்ப்ரெடர் இல்லாமல் கனமான கேமராவை ஒருபோதும் வைக்காதீர்கள். ரப்பர் பாதம் இருக்கிறதே என்று நம்பினால், தண்ணீர் சிந்திய ஒரு நொடியில் கால் விரிந்துவிடும்.

கடற்கரை மணலிலும் சேற்று வயலிலும் எப்படி நிறுத்துவது?

ஈரமில்லாத மணலில் ஆணிக்கால்களைக் குத்திவைத்தால் கேமராவின் எடையில் அவை இறங்கிக்கொண்டே போகும், அதுவும் மூன்றும் ஒரே அளவில் இறங்காது. ஷாட்டின் நடுவில் அடிவானம் சாயும். ஒரு பிளைவுட் பலகையை மணலில் புதைத்து அழுத்தி, அதன் மேல் தரை ஸ்ப்ரெடரோடு காலை வையுங்கள். அலை வந்து போகும் இடத்தில் பலகையும் போதாது. அலை திரும்பும்போது அடியில் இருக்கும் மணலைத் தோண்டி எடுத்துக்கொண்டு போகும், பலகையின் ஒரு மூலை தொங்கும். அங்கே ஒருவர் காலைப் பிடித்தபடி நிற்பதைத் தவிர வேறு வழியில்லை. ஒவ்வொரு டேக்குக்கும் மட்டம் பாருங்கள்.

சேறு என்றால் அடியில் கெட்டி மண் தட்டும்வரை ஆணிக்காலை இறக்குங்கள். பல வயல்களில் அது அரை அடியிலேயே கிடைத்துவிடும். சரிவில் இரண்டு கால்கள் பள்ளத்துப் பக்கம், ஒன்று மேட்டுப் பக்கம். சமதளத்தில் ஒரு கால் லென்ஸுக்கு நேர் கீழே. முன்பாரம் உள்ள ஜூமுக்கு அது தாங்கல், ஆபரேட்டருக்கும் பின்னால் இரண்டு காலுக்கு நடுவே நிற்க இடம் கிடைக்கும்.

காற்று பலமாக அடித்தால்?

முதலில் உயரத்தைக் குறையுங்கள். அடுத்து, நடுவிலிருந்து கீழ்நோக்கி இழுக்கும் பாரம் கொடுங்கள். மணல் மூட்டையைத் தொங்கவிட்டால் அது ஊசலாடிக் கேமராவையும் ஆட்டும், அதனால் மூட்டை தரையைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தரையில் கனமான ஏதாவது இருந்தால் ராட்செட் பட்டையால் காலின் நடுப்பகுதியை அதனோடு இழுத்துக் கட்டுவது இன்னும் நல்லது. காற்று வரும் பக்கம் துணியைக் கட்டி மறைப்பதையும் மறக்க வேண்டாம். மேட் பாக்ஸ் பாய்மரம் மாதிரி காற்றைப் பிடிக்கும். தேவையில்லாத ஃபிளாப்பைக் கழற்றிவிட்டாலே பாதி ஆட்டம் நின்றுவிடும்.

பேபி லெக், ஹை-ஹேட் எல்லாம் உண்மையிலேயே தேவையா?

தேவை. கனமான செட்டப்பில் உயரமான டால் லெக், குட்டையான பேபி லெக், தரையை ஒட்டி ஹெட்டை வைக்க உதவும் ஹை-ஹேட் மூன்றும் ஒரு குடும்பம், பிரித்து எடுக்காதீர்கள். மூன்றின் தலையும் ஒரே அளவாக இருக்கிறதா என்று பட்டியலிலேயே எழுதி வாங்குங்கள். டால் 150, பேபி மிட்செல் என்று வந்து சேர்ந்தால் அடாப்டர் தேடியே காலைப்பொழுது போய்விடும்.

சொந்தமாக வாங்குவதா, வாடகையா?

கேமராவை வாங்காதீர்கள், காலை வாங்குங்கள் என்று நான் சொல்வதுண்டு. கேமரா சில வருடங்களில் பழசாகிவிடும். நல்ல 150 கிண்ணக் கால் எத்தனையோ கேமராக்களைத் தாங்கி முடிக்கும். பழையது வாங்குவதிலும் தவறில்லை. குழாயில் நசுங்கலோ புடைப்போ இல்லாமல், கிண்ணத்தின் உள்பக்கம் கீறல் விழாமல், பூட்டுகளின் உதிரி கிடைக்கும் கம்பெனியாக இருந்தால் போதும். வண்ணம் போனதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

வாங்கிய பிறகு அதைப் பார்த்துக்கொள்வது பெரிய வேலையில்லை. கடற்கரைக்குப் போய் வந்த அன்று இரவே, அடுத்த நாள் அல்ல, குழாய்களை முழுக்க இழுத்து நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, காயவைத்து மடியுங்கள். உப்போடு மடித்த கால் ஒரு வாரத்தில் கரகரவென்று பேசத் தொடங்கும். பூட்டுகளில் எண்ணெய் விடாதீர்கள். எண்ணெய் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும், பூட்டும் வழுக்கும்.

ஷூட்டிங் நடுவே ஒரு காலின் பூட்டு போய்விட்டால்?

முதலில் கேமராவை இறக்குங்கள். ஒருவர் ஹெட்டைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர் பூட்டைப் பார்ப்பது வேண்டாம், விரல் மாட்டும். கோளாறான நீட்டத்தை முழுக்க உள்ளே தள்ளிவிடுங்கள். முழுக்க மூடிய குழாய்க்குப் பூட்டே தேவையில்லை, அது நேராக அடிப்பகுதியில் உட்கார்ந்துகொள்ளும். மற்ற இரண்டையும் அதே அளவுக்கு மூடி, குறையும் உயரத்துக்கு மூன்று பாதங்களின் கீழும் ஆப்பிள் பாக்ஸ் எனப்படும் மரப்பெட்டிகளை அடுக்குங்கள். பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்காமல் பட்டையால் கட்டுங்கள். அன்றைய வேலையை அப்படியே முடித்துவிடலாம். பேன் மட்டும் மெதுவாகச் செய்யச் சொல்லுங்கள்.